கிராம சபையில் கேள்வி கேட்பது எப்படி? தண்ணீர் முதல் கணக்கு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டு கொசு பிடுங்குகிறது. இதைப் பற்றி டீக்கடையிலும் திண்ணையிலும் தினமும் பேசுகிறோம். அந்தப் பேச்சு எதுவும் ஊராட்சிப் பதிவேட்டில் ஏறாது. கிராம சபையில் எழுந்து கேட்டால் ஏறும். ஆனால் அங்கேயும் பாதிக் கேள்விகள் "பார்க்கலாம்", "செஞ்சிடலாம்" என்ற பதிலோடு காற்றில் போய்விடுகின்றன. கேட்டவர் மேல் குறையில்லை. பதிவேட்டைத் திறக்க வைக்கிற மாதிரி கேள்வி அமையவில்லை, கேட்டது தீர்மானமாக எழுதப்படவும் இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்வது எப்படி என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

இது தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கான வழிகாட்டி. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் சட்டமும் மன்றமும் வேறு. ஆனாலும் கேள்வி எழுதும் முறையும் தகவல் உரிமை மனுவும் அங்கேயும் உதவும்.

முதலில் சட்டம், சுருக்கமாக

1992-ல் நிறைவேறிய 73-வது அரசியலமைப்புத் திருத்தம்தான் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 3 கிராம சபையைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். அழைப்பிதழோ யாருடைய சிபாரிசோ தேவையில்லை. ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தருவதும், நடக்கிற வேலைகளை ஆய்வு செய்வதும் இந்தச் சபையின் பணி. அதாவது, கேள்வி கேட்க உங்களுக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. ஒப்புதல் தர வேண்டியவரே நீங்கள்தான்.

அதே சட்டத்தின் பிரிவு 110-ஐ ஒருமுறை படித்துவிடுங்கள். ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டியவை அதில்தான் வருகின்றன: ஊராட்சிச் சாலைகள், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், தெருத் துப்புரவு, பொதுக் கழிப்பிடம், சுடுகாடு, இடுகாடு, குடிநீர். பிரிவு 111-ல் உள்ளவை விருப்பப் பணிகள். "இது எங்க வேலை இல்லை" என்ற பதில் வந்தால் எதிர்வாதம் 110-ல் இருக்கும்.

கூட்டம் எப்போது, எத்தனை பேர் வேண்டும்

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் சேர்ந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஆறு. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தால் அந்தக் கூட்டம் நடக்காமல் போகலாம். அந்தத் தேதியை நம்பி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குறைவெண், ஊரில் சொல்வது போல "கோரம்", மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும், உங்கள் கேள்வியும் கூடவே தள்ளிப்போகும். ஆகவே கேள்வி எழுதுவதற்கு முன்னால், உங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரையாவது கூட்டிவருவதாக முடிவு செய்துகொள்ளுங்கள். சத்தம் போடுவதற்காக அல்ல. நீங்கள் கேட்கும்போது, பக்கத்திலிருந்து "ஆமா, எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று இரண்டு பேர் சொன்னால் அது தனி ஆளின் புலம்பலாக இல்லாமல் ஊர்க் குறையாகிவிடும்.

எல்லாக் கூட்டமும் எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவு பொருத்தமானவை அல்ல. அடுத்த ஆண்டு என்ன வேலை எடுக்கலாம் என்பதைப் பேசும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2 கூட்டத்தை ஒட்டித் தொடங்கும். புதிய கால்வாய், புதிய குழாய் வரிசை போன்றவற்றை அன்றைக்கே பட்டியலில் ஏற்ற வேண்டும். மார்ச் மாதம் போய்க் கேட்டால் "திட்டம் அனுப்பியாச்சு" என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். தண்ணீரின் தரம் பற்றிய கேள்விக்கு மார்ச் 22 ஏற்ற நாள்.

தலைவர்தான் கூட்டத்தைக் கூட்டித் தலைமை தாங்குவார். 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஓடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு, கேள்வியைத் தனி அலுவலரைப் பார்த்துக் கேட்கலாம். தலைவர் கூட்டத்தைக் கூட்டத் தவறினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் கூட்ட வேண்டும் என்பது சட்டம்.

யார் வேலை எது

வீணாகும் கேள்விகளில் பெரும்பங்கு முகவரி தவறியவை. ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று தலைவரிடம் பத்து நிமிடம் வாதாடினால் அவர் கைவிரிப்பார், கூட்டத்தின் நேரமும் போய்விடும்.

தெருவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. பல்பும் அதன் பொருத்தியும் ஊராட்சியுடையவை. மின்கட்டணத்தை ஊராட்சி கட்டுகிறது. "விளக்கு எரியலை" என்று மொட்டையாகக் கேட்டால் ஊராட்சி மின்வாரியத்தைக் கைகாட்டும், மின்வாரியம் ஊராட்சியைக் கைகாட்டும். போகும் முன் கம்பத்தடியில் நின்று பாருங்கள். பக்கத்துக் கம்பங்கள் எரிந்து இது மட்டும் எரியாவிட்டால் பெரும்பாலும் பல்பு அல்லது பொருத்தி. வரிசையாக எல்லாமே அணைந்திருந்தால் லைன் அல்லது சுவிட்ச். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "கம்ப எண் இது, பக்கத்தில் எரிகிறது, இது எரியவில்லை" என்று சொன்னால் தட்டிக்கழிக்க வழி குறைவு.

தண்ணீரிலும் அப்படித்தான். ஊராட்சி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் முழுப் பொறுப்பும் ஊராட்சி. கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் என்றால் உங்கள் ஊர்த் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய் வரை ஊராட்சி. சாலை ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதை ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன், பேருந்து ஆகியவை வேறு துறைகள். அவற்றையும் கிராம சபையில் எழுப்பலாம். ஆனால் கேள்வியின் வடிவம் மாற வேண்டும்: "இன்ன துறைக்கு இன்ன கோரிக்கையை அனுப்ப இந்தச் சபை தீர்மானம் போட வேண்டும்." அந்தத் துறை ஊழியர் கூட்டத்துக்கு வந்திருந்தால் நேரிலேயே கேளுங்கள்.

கேள்வியை எழுதுவது

நல்ல கேள்வியில் நான்கு விஷயம் இருக்கும்: எந்த இடம், எந்தக் காலம், எவ்வளவு, எந்தப் பதிவேடு. நான்காவதுதான் உயிர். ஊராட்சியில் 31 பதிவேடுகள் பராமரிக்கப்பட வேண்டும். வரி வசூல், ரொக்கப் புத்தகம், இருப்பு, சொத்து, தீர்மானம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம். உங்கள் கேள்வி அதில் ஒன்றைத் தொட்டால் பதில் சொல்பவர் புத்தகத்தை எடுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

"குப்பையை ஏன் ஒழுங்கா எடுக்கறதில்லை?" என்ற கேள்விக்கு "எடுக்கறாங்களே" என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஊராட்சியில் தூய்மைக் காவலர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் எந்தத் தெருக்கள், வாரத்தில் எந்தெந்த நாட்கள்? குப்பை வண்டிகள் எத்தனை, அவற்றில் ஓடுபவை எத்தனை? ஏப்ரல் 1 முதல் இன்றுவரை வண்டி பழுதுபார்க்க எவ்வளவு செலவு?"

இதற்குக் கோபமாகப் பதில் சொல்ல முடியாது. எண்களாகத்தான் சொல்ல முடியும். நான்கு வண்டியில் மூன்று ஓடவில்லை என்று தெரிந்தால், கேட்க வேண்டியது வண்டியைப் பற்றித்தான், துப்புரவுப் பணியாளரைப் பற்றி அல்ல என்பதும் அங்கேயே விளங்கிவிடும். குறைந்த கூலிக்கு உழைக்கும் மனிதர் மீது ஊர் முழுதும் பாய்வதைப் பல கூட்டங்களில் பார்க்கிறோம். வேதனையான விஷயம் அது. கேள்வியைச் சரியாக வைத்தால் அது தானாக நிற்கும்.

ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி, அதிகம் போனால் இரண்டு. ஒரே ஆள் ஏழு கேள்வி எழுதிப் போனால் எளிதான இரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். ஏழையும் ஏழு பேருக்குப் பிரித்துக்கொடுங்கள். பெண்கள் கையில் தண்ணீர்க் கேள்வியைக் கொடுப்பது நல்லது. எந்த நாள் எத்தனை குடம் வந்தது என்று அவர்களால்தான் தேதியோடு சொல்ல முடியும்.

ஒரு கேள்வியைக் கிட்டத்தில் பார்ப்போம்: பிளீச்சிங் பவுடர்

சின்னப் பொருள், விலையும் குறைவு. ஆனால் ஒரு ஊராட்சி எப்படி நடக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. உங்கள் ஊர்த் தொட்டி 30,000 லிட்டர் என்றால் ஒரு முறை நிரப்ப 120 கிராம். காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டு முறை நிரம்பினால் ஒரு நாளைக்கு 240 கிராம். அதே அளவில் மூன்று தொட்டிகள் என்றால் ஒரு நாளைக்கு 720 கிராம். ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை 122 நாட்கள். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 88 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையில் மூன்றரை மூட்டை.

இப்போது ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கேள்வி இது:

"நம் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிகள் எத்தனை, ஒவ்வொன்றின் கொள்ளளவு என்ன? ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை வாங்கிய பிளீச்சிங் பவுடர் எத்தனை கிலோ? இருப்புப் பதிவேட்டில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது?"

பதில் 25 கிலோ என்று வந்தால், நாலு மாதத்தில் பெரும்பாலான நாட்கள் மருந்து போடாத தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடித்திருக்கிறார்கள். பதில் 400 கிலோ என்று வந்தால் மிச்சம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். ஆனால் உடனே குற்றம் சாட்டிவிடாதீர்கள். மழைக்காலத்தில் கால்வாய் ஓரத்திலும் குப்பை மேட்டிலும் தூவுவதற்கும் இதே பவுடர்தான் போகும். அதையும் சேர்த்துக் கணக்கு கேளுங்கள்.

வாங்கியது சரியாக இருந்தும் தண்ணீரில் மருந்து இல்லாமல் போவதுண்டு. மூட்டையைத் திறந்து போட்டாலோ வெயில், ஈரம் பட்டாலோ பவுடரின் வீரியம் போய்விடும். சில இடங்களில் பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேலாக நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். சரியாக நடக்கிறதா என்பதைக் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில்தான் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இதைப் பார்க்கக் குளோரோஸ்கோப் என்ற சின்னக் கருவி உண்டு: கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு மூன்று சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாறும், அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். "அந்தக் கருவி நம் ஊராட்சியில் இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் எந்தக் குழாயில் பார்த்தீர்கள்" என்பதையும் கேள்வியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தொட்டியில் கடைசியாகக் கழுவிய தேதியை எழுதியிருக்கிறார்களா என்று கூட்டத்துக்கு முதல் நாள் போய்ப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி மூன்று மாதம் பழையதாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

கணக்கைக் கேட்பது

கிராம சபையில் வரவு செலவு விவரம் படிவம் 30-ல் வைக்கப்பட வேண்டும். மக்கள் பார்க்கும்படி பிளக்ஸ் பேனராகவும் வைக்கச் சொல்லி அரசு அறிவுறுத்தியிருக்கிறது. பேனர் இல்லையென்றால் உங்கள் முதல் கேள்வி அதுதான். இருந்தால் கூட்டம் தொடங்கும் முன்பே போய்ப் படம் எடுத்துவிடுங்கள். சில இடங்களில் பேனர் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து கிடக்கும்.

பொதுவாகக் கணக்கு எண் 1 பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, மாநில நிதிக் குழு மானியம் எல்லாம் இங்கே. கணக்கு எண் 2 மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் செலுத்துவதற்கு. கணக்கு எண் 3 திட்ட நிதி. காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

"நிதி இல்லை" என்ற பதில் வரும்போது, எந்த நிதி இல்லை என்று கேளுங்கள். 15-வது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிவைத்தது: 30 குடிநீர், மழைநீர் சேகரிப்புப் பக்கம், 30 துப்புரவுப் பக்கம். மீதி 40 சதவீதம் ஊர்த் தேவைக்கு ஏற்ப, சம்பளத்துக்குத் தவிர. ஆகவே அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்கும்போது "குடிநீருக்கென வந்த பங்கு எவ்வளவு, எந்த வேலைக்குச் செலவானது" என்று குறிப்பாகக் கேட்கலாம். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊராட்சி போட்ட திட்டமும் அதில் கொடுத்த பணமும் தெரியும். கூட்டத்துக்கு முன் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பேனரில் ஒன்று, அச்சில் ஒன்று என்றிருந்தால் அந்த வித்தியாசமே உங்கள் கேள்வி.

அரசு மானியம் பற்றிக் கேட்கிற அளவுக்குச் சொந்த வரியைப் பற்றி ஊரில் கேட்பதில்லை. அதையும் கேட்க வேண்டும்: வீட்டு வரி கேட்பு (வசூலாக வேண்டிய மொத்தத் தொகை) எவ்வளவு, வசூல் எவ்வளவு, பெரிய கட்டடங்களின் பாக்கி எவ்வளவு. கேட்பவர் தன் வீட்டு வரியைக் கட்டிவிட்டுப் போவது நல்லது. சபையில் முதலில் திருப்பிக் கேட்பது அதைத்தான்.

கூட்டத்துக்கு முந்தைய பத்து நாள்

கூட்ட அறிவிப்பு ஏழு நாளுக்கு முன்னால் வர வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும், தண்டோராவும் போடுவார்கள். கூட்டப் பொருள் பட்டியலில் பெரும்பகுதி மாநிலம் முழுதுக்கும் பொதுவாக வரும். உங்கள் ஊர்ப் பிரச்சினை தானாக அதில் இருக்காது. எழுதிக் கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும்.

அறிவிப்பு வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மனுவை இரண்டு பிரதியாக எழுதி ஊராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் தேதி, கையெழுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். அதையே ஸ்பீட் போஸ்ட்டில் ஊராட்சிக்கும், ஒரு நகலை வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) அலுவலகத்துக்கும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மனு ஒரு பக்கம் போதும்:

"பெறுநர்: தலைவர் / தனி அலுவலர், ____ கிராம ஊராட்சி. பொருள்: ____ அன்று நடைபெறும் கிராம சபையில் கூட்டப் பொருளாகச் சேர்க்கக் கோருதல். ஐயா/அம்மா, எங்கள் ____ தெருவில் ____ தேதி முதல் குடிநீர் வரத்து இரண்டு நாளுக்கு ஒரு முறையாகக் குறைந்துள்ளது. கீழ்க்காணும் விவரங்களைப் பதிவேடுகளுடன் சபையில் தெரிவிக்கவும், இதன் மீது தீர்மானம் நிறைவேற்றவும் கேட்டுக்கொள்கிறோம்."

அதன் கீழே கேள்விகள், அதன் கீழே கையெழுத்துகள். யாரையும் திட்டும் ஒரு வரிகூட வேண்டாம். திட்டு இருந்தால் பதில் திட்டுக்குத்தான் வரும், கேள்விக்கு வராது.

தண்ணீர் பற்றிய மனு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுங்கள்: தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், எத்தனை குடம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பதுதான் அளவு. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். பதினைந்து லிட்டர் குடமானால் பதினெட்டுக் குடத்துக்குக் கொஞ்சம் கூட. உங்கள் வீட்டுக்கு ஆறு குடம் வந்தது என்று தேதியோடு சொல்லும்போது பேச்சு வேறு தளத்துக்குப் போய்விடும்.

கூட்டத்தில்

சீக்கிரம் போங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பக்கத்தின் தலைப்பில் தேதியும் இடமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. வீட்டுக்கே நோட்டைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாலும் அப்படித்தான். அந்தக் கையெழுத்து எந்தத் தீர்மானத்தின் கீழ் போய்ச் சேரும் என்று தெரியாது.

கூட்டம் மதச் சார்புள்ள வளாகத்தில் நடக்கக் கூடாது, ஊராட்சியின் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடக்க வேண்டும் என்பது அரசின் அறிவுரை. எப்போதும் ஒரே தெருவில் நடந்து, காலனி மக்கள் வரத் தயங்குகிறார்கள் என்றால், அடுத்த கூட்டத்தின் இடத்தையே முதலில் கேளுங்கள். யார் வர முடியவில்லையோ அவர்கள் குழாயில்தான் பெரும்பாலும் தண்ணீரும் வருவதில்லை.

எழுந்து பேசும்போது இந்த அளவு போதும்:

"தலைவரே, வணக்கம். நான் மூணாவது வார்டு, மேலத் தெரு. போன இருபத்தஞ்சாம் தேதி மனு குடுத்து ஒப்புகை வாங்கியிருக்கேன். அதுல கேட்ட கேள்வியை வாசிக்கிறேன். செயலர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லட்டும்."

வாசித்துவிட்டு உட்காருங்கள். பதில் வரும் வரை காத்திருங்கள். இடையில் வேறு குறைகளைச் சேர்த்தால் பதில் திசைமாறும். "பதிவேடு ஆபீஸ்ல இருக்கு" என்றால், "கூட்டம் முடியறதுக்குள்ள எடுத்துட்டு வர முடியுமா, இல்லைன்னா எந்தத் தேதியில பார்க்கலாம்னு சொல்லிடுங்க" என்று தேதி வாங்குங்கள். கிராம சபைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. "ஏன்" என்று இங்கே கேட்கலாம். தகவல் உரிமை மனுவில் அது செல்லாது.

தீர்மானம் எழுதப்படும் வரை எழுந்து போகாதீர்கள்

இங்கேதான் பெரும்பாலான ஊர்கள் தோற்கின்றன. கேள்வி நன்றாக இருக்கும், பதிலும் நன்றாக இருக்கும், ஊரே கைதட்டும். புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கும்: "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது. நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது." இதில் யார், எதை, எப்போது, எந்த நிதியில் என்ற எதுவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் இதைக் காட்டி ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது.

இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"மேலத் தெருவின் கடைசி 22 வீடுகளுக்குக் குடிநீர் வராததைச் சரிசெய்ய, பிள்ளையார் கோயில் அருகேயுள்ள வால்வை மாற்றி, தனிக் குழாய் இணைப்பு கொடுக்கும் பணியைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ளவும், 45 நாட்களுக்குள் முடித்து அடுத்த கிராம சபையில் செலவு விவரத்துடன் தெரிவிக்கவும் தீர்மானிக்கப்பட்டது."

வாசகத்தை நீங்களே தாளில் எழுதிக்கொண்டு போனால் செயலருக்கும் எளிது, பெரும்பாலும் அப்படியே எழுதிக்கொள்வார். கூட்ட முடிவில் தீர்மானங்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குப் பின்

பத்து நாளுக்குள் தீர்மான நகல் கேட்டு எழுதுங்கள். கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் 2005-ம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரிவு 6(1)-ன் கீழ் மனு, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. மனுவை வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் பிரிவு 6(3)-ன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலருக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும்.

அதில் "ஏன் செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை என்று மனு திரும்பிவிடும். "ஆகஸ்ட் 15 கிராம சபைத் தீர்மானங்கள் அனைத்தின் நகல், தீர்மானம் எண் ____ மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். பிரிவு 2(ஜே)-ன் கீழ் பதிவேடுகளை நேரில் பார்க்கவும், நடந்த வேலையை ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட உரிமை உண்டு. பலரும் நகல் மட்டும் கேட்கிறார்கள். நேரில் பார்ப்பதுதான் மலிவு, பயனும் அதிகம். எந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று அங்கேயே தேர்ந்தெடுக்கலாம்.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அதைத் தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் வழி இல்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. இந்தக் காலக்கெடு தவறினால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் வழக்கு பலவீனமாகிவிடும். காலண்டரில் மூன்று தேதியையும் மனு போட்ட அன்றே குறித்துவிடுங்கள்.

தீர்மானம் இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால், தீர்மான நகலை இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதியலாம். கிடைக்கும் மனு எண்ணை அடுத்த கிராம சபை மனுவில் குறிப்பிடுங்கள். பண முறைகேடு என்பதற்கு ஆவணம் கையில் இருந்தால், அப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க 2014-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிகளுக்கான முறைமன்ற நடுவம் (ஆம்புட்ஸ்மேன்) இருக்கிறது. ஆவணம் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து புதிய கேள்வி எதையும் கேட்க வேண்டாம். போன கூட்டத்தின் தீர்மான நகலைக் கையில் எடுத்து, எண்ணையும் தேதியையும் சொல்லி, "இதுல போட்ட 45 நாள் முடிஞ்சிருச்சு. வால்வு மாத்தின பில்லைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.